சலேத் இன்னும் வரலை

மூன்றாவது முறையும் படகு கொக்கியைக் கழற்றிவிட்டது.

துறையின் மறுகரையில் நின்ற கிரேனை நோக்கிப் போன இழுவைப் படகின் பின்னால் கட்டியிருந்த நைலான் வடம் தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. பக்கவாட்டில் 'பனிமயம்' என்று பெயர் எழுதியிருந்த அந்த வெள்ளைப் படகு, அவசரமே இல்லாமல் மூக்கைத் திருப்பி, வந்த வழியே போய், தன் பழைய இடத்தில் மேடையோரமாக ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியளா மேடம்," என்றார் இழுவைப் படகை ஓட்டிய தஸ்நேவிஸ். "கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டி கூட அம்மா வீட்டுல இம்புட்டு வைராக்கியமா இருக்க மாட்டா."

ஆவுடை சிரிக்கவில்லை. புன்னைத்துறை பொதுப் படகுத்துறையைக் காலி செய்து கொடுக்கவேண்டிய பொறியாளர் அவள். மூடிப் பத்து வருடமான துறை. உள்ளே கைவிடப்பட்ட படகுகள் நாற்பது. சனிக்கிழமை தூர்வாரும் இயந்திரம் வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு இங்கேதான் குழாய் இறங்கப்போகிறது. அன்றைக்கு உள்ளே எது மிதந்தாலும் நொறுக்கி அள்ளிவிடுவார்கள்.

"இது உங்க சொந்தப் படகுதானே அண்ணாச்சி? நீங்க இழுத்தாலுமா வராது?"

"நான் வாங்கி, நான் ஓட்டி, நான் விட்டுட்டுப் போன படகு. இப்ப என்னையவே மதிக்க மாட்டேங்கு. எல்லாம் அந்தச் சுக்கானி செய்யுத வேலை."

சுக்கானி என்பது சக்கரத்துக்குக் கீழே திருகி வைத்திருக்கும் கறுப்புப் பெட்டி. ஓட்டுகிறவரின் கையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

"மொத வருசம் நாம ஓட்ட, அது பாக்கும்," என்றார் தஸ்நேவிஸ். "ரெண்டாம் வருசம் அது ஓட்ட, நாம பாக்கணும். மூணாம் வருசம் நாம படுத்துத் தூங்கலாம்."

"என்னெல்லாம் கத்துக்கிடும்?"

"என்னதான் கத்துக்கிடாது? அலையில எப்ப விட்டுக் குடுக்கணும், எப்ப முட்டணும், யாருக்கு வழி விடணும். நான் வைத கெட்ட வார்த்தை உள்பட. ஒரு படகு படிச்சதை மத்த படகுக்கும் சொல்லிக் குடுத்துரும்."

ஆவுடையின் செல்பேசி அடித்தது. மண்டல அதிகாரி சுந்தரவதனம். காலையிலிருந்து நாலாவது தடவை.

"என்னம்மா, எத்தனை படகு போச்சு?"

"ஒண்ணும் போகலை சார். கொக்கி மின்சாரத்துல வேலை செய்யுது. சுக்கானி அதைத் திறந்து விட்டுருது."

"அப்ப சுக்கானியைப் பிடுங்கிட்டு இழுங்க! இதுக்குக் கூடவா நான் சொல்லணும்?"

அவர் சொன்னது சுலபமான வேலைதான். பெட்டிக்கு நாலு திருகு. ஆவுடை திருப்புளியோடு 'பனிமய'த்தில் ஏறினாள். சூரியத் தகடுகளில் பறவை எச்சம். அடியில் பத்து வருடத்துச் சிப்பி. ஆனாலும் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்தவள், ஒலிபெருக்கிக்குப் போகும் இடத்தில் ஃபியூஸ் இல்லாததைக் கவனித்தாள்.

"இதோட பேச்சை யாரு நிறுத்துனது?"

"துறையை மூடுனப்ப ஆபீஸ்காரங்க புடுங்கிட்டாங்க. ஆளில்லாத எடத்துல படகெல்லாம் பேசிக்கிட்டே கெடந்தா, காத்து வாங்க வாறவங்க பயப்படுதாங்கன்னு."

"என்ன பேசிச்சு?"

"கேக்க யாரு இருந்தா? எங்களத்தான் பஸ்ல ஏத்தி எட்டயபுரம் பக்கம் கொண்டு விட்டுட்டாங்களே."

பிடுங்குவதற்கு முன்னால் அது பேசுவதை ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று தோன்றியது ஆவுடைக்கு. கருவிப்பையிலிருந்து ஒரு ஃபியூஸை எடுத்துச் செருகினாள்.

கரகரப்பு. பிறகு ஒரு குரல். தஸ்நேவிஸின் குரலேதான், ஆனால் பத்து வருடம் இளையது.

"யாரு?"

தஸ்நேவிஸ் வாய்க்குள்ளே சிரித்தார். "நாந்தாம்ல."

படகு சற்று யோசித்தது.

"வந்துட்டீரா? சலேத் கெடைச்சுதா?"

தஸ்நேவிஸ் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடை அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சலேத்துன்னா யாரு?"

"படகு. ரெமிஜியுஸ் அண்ணன் படகு." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புயலுக்கு மறுநாள் கடலுக்குப் போச்சு. திரும்பி வரலை. அவரும் வரலை."

"தேடலையா?"

"தேடாமலா? எங்க கரையில ஒருத்தன் காணாமப் போயிட்டான்னா ஒரு படகும் வேற வேலைக்குப் போகாது மேடம். எல்லாம் தேடத்தான் போகும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு நம்ம கையில இல்ல. அந்த வீட்டுக்காரி சொல்லணும். அவ கரைக்கு வந்து 'போதும், கரை ஏறுங்க'ன்னு சொன்னாத்தான் தேடுதல் முடியும். அதுக்கு முன்னால எவனாவது வேற சோலிக்குப் படகை எடுத்தான்னா, அவன ஊரு மனுசனாவே மதிக்காது."

"அந்தம்மா சொன்னாங்களா?"

தஸ்நேவிஸ் துறை வாயில் இறங்கிக் கிடந்த நீர்க்கதவைக் கை காட்டினார்.

"மொத நாள் தேடிட்டு, சாப்பாடு எடுத்துட்டுப் போவோம்னு கரைக்கு வந்தோம். வந்த எடத்துல நீர்க்கதவை இறக்கிட்டாங்க. புயல்ல துறைச் சுவர் விரிஞ்சிருக்கு, ஆபத்து, எல்லாரும் ஒடனே வெளியேறணும்னு உத்தரவு. வரிசையா பஸ் நிக்கு. பிள்ளைங்க அழுது. ஏறிட்டோம்."

"அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?"

"என்னன்னு போயிச் சொல்ல?"

ஆவுடை எழுந்து துறையைப் பார்த்தாள். வரிசை வரிசையாக நாற்பது படகுகள். ஒவ்வொன்றின் மூக்கும் பூட்டிய நீர்க்கதவைப் பார்த்தபடி. இத்தனை வருடமாக அலுவலகத்தில் எல்லாரும் 'சுக்கானி கெட்டுப் போச்சு' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றும் கெட்டுப் போகவில்லை. மனிதர்கள் பாதியில் இறங்கிப் போய்விட்டார்கள். படகுகள் இன்னும் தேடுதலில் இருந்தன.

"கதவு எப்பத் தொறப்பாங்க?" என்று கேட்டது பனிமயம்.

ஆவுடை திருப்புளியைப் பைக்குள் போட்டாள். "அந்தம்மா வீடு எங்க அண்ணாச்சி?"

அமலோற்பவம் அன்றைக்கு பஸ்ஸில் ஏறாதவள். துறைக்கு வடக்கே, கடலைப் பார்த்த தெருவில் முதல் வீடு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். அவர்கள் போனபோது பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். தஸ்நேவிஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்.

அரசாங்க அட்டையைக் கழுத்தில் பார்த்ததுமே அமலோற்பவம் குழாயை நிறுத்தினாள்.

"போதும்னு சொல்லச் சொல்லி வந்திருக்கியளா? சாமியார் வந்தாரு. தாசில்தார் வந்தாரு. எங்க அண்ணன்மார் வந்தாவ. ஒரு வார்த்தை சொல்லு, ஒன் வாழ்க்கையைப் பாருன்னு. நீங்க எந்த ஆபீஸு?"

"படகுத்துறை. நான் சொல்லச் சொல்லி வரலைக்கா. ஒண்ணு கேட்டுட்டு வந்தேன். அதை உங்ககிட்ட சொல்லணும்."

சொன்னாள். அமலோற்பவம் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"படகா?" என்றாள். "படகா இன்னும் தேடிக்கிட்டு நிக்கி?"

ஆவுடையை ஏற்றிக்கொண்டு வேனை எடுத்தவள் பாதி சோப்பு நுரையோடேயே ஓட்டினாள்.

துறை மேடையில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டதுமே பனிமயத்தின் விளக்கு கண் சிமிட்டியது.

"மதினி," என்றது. தஸ்நேவிஸ் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "மதினி, கதவு அடைச்சிருக்கு. அதான் போவலை. கோவிச்சுக்கிடாதிய."

அமலோற்பவம் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். அழுவாள் என்று ஆவுடை நினைத்தாள். அவள் அழவில்லை. குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"அவிய கடைசியா ஒங்கிட்ட ஏதாச்சும் பேசுனாவளா?"

"வாடைக்காத்து இழுக்குன்னு சலேத் சொல்லிச்சு. அண்ணன், பயப்படாதிய, ஓரமா வாறேன்னாரு. அதுக்குப் பொறவு கேக்கலை."

"பயப்படாதியன்னாரா?"

"ஆமா மதினி. பாடிக்கிட்டு இருந்தாரு. சுருதியே இல்லாம."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவியதான். சந்தேகமே இல்ல."

ஆவுடை மெதுவாகச் சொன்னாள். மறைக்கவில்லை. "அக்கா, நீங்க போதும்னு சொன்னா இதுங்க விட்டுரும். நான் இழுத்துக் கொண்டு போய் உரியவங்ககிட்ட குடுத்துருவேன். சொல்லலைன்னா சுக்கானியைப் பிடுங்கணும். அதுவும் இல்லைன்னா சனிக்கிழமை நொறுக்கிருவாங்க."

"நான் சொல்லாம இருக்கது எதுக்குன்னு நினைக்கிய? அவிய நடந்து வருவாவன்னா? அவ்வளவு கூறு கெட்டவளா நான்?" அமலோற்பவம் எழுந்தாள். "போதும்னு சொல்ல, மொதல்ல தேடியிருக்கணும்லாம்மா. ஒரே ஒரு நாள் தேடுனாங்க. பொறவு எல்லாரும் வந்து வார்த்தை மட்டும் கேட்டா? தேடாத மனுசனுக்கு எப்படி நான் போதும்னு சொல்லுவேன்?"

பின்னாலேயே நடந்து வந்து மேடையின் மறுகோடியில் நின்ற தஸ்நேவிஸ் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவைத் தொறங்க," என்றாள் அமலோற்பவம்.

ஆளில்லாத படகைக் கடலில் விடுவது குற்றம். அதுவும் பொறியாளரே விடுவது வேலைக்கு உலை வைக்கிற குற்றம். ஆவுடை அதையெல்லாம் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"எனக்கு வந்த உத்தரவு துறை காலியாகணும்னுதான். எந்தப் பக்கமா காலியாகணும்னு அதுல போடலை."

"மேடம், ஆளில்லாத படகுன்னு கேஸ் போட்டுருவான்," என்றார் தஸ்நேவிஸ்.

"அப்ப நீங்க இதுல ஏறுங்க. மத்ததெல்லாம் உங்க பின்னால வருதுன்னு எழுதிக்கிறேன்."

அவர் அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. 'பனிமய'த்தில் தண்ணீர் கேனும் ரேடியோவும் ஏற்றிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். "ஏல, நகந்து நில்லு," என்றார் பெட்டியிடம்.

"நீரு சும்மா இரியும். எனக்குத் தெரியும்," என்றது பெட்டி.

ஆவுடை மற்ற படகுகளின் பெட்டிகளிலும் ஃபியூஸைச் செருகிவிட்டு வந்தாள். நீர்க்கதவின் கைச்சக்கரம் துருவேறி இருந்தது. இரண்டு பெண்களும் தொங்கிச் சுற்றினார்கள். ஏற்றத்தில் தண்ணீர் பெருகி நிற்க, கதவு முனகிக்கொண்டு மேலே போனது. பனிமயம் முதலில் போயிற்று. பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும், சிப்பி கனத்த வயிற்றோடு, மெதுவாக, முட்டிக்கொள்ளாமல். வெளியே போனதும் கோழிக்குஞ்சுகள்போல் விரிந்து பரந்தன.

அமலோற்பவம் வேனைத் தன் வீட்டு முன்னால் கடலைப் பார்த்து நிறுத்திக்கொண்டு இன்னொரு ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டாள். ஆவுடை அவள் பக்கத்து இருக்கையில்.

"இங்கன இல்ல மதினி." முதல் குரல் வந்தது.

சற்று நேரம் கழித்து இன்னொன்று. "இங்கனயும் இல்லக்கா."

"முயல்தீவுக்கு மேக்க பாத்தாச்சு. இல்ல."

ஒவ்வொரு படகும் தன் பழைய சொந்தக்காரரின் குரலில் பேசியது. அதை ஆவுடை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள்தான் உறைத்தது. தஸ்நேவிஸின் மனைவி யாருக்கோ சொல்ல, அவர்கள் யாருக்கோ சொல்ல, எட்டயபுரம் பக்கமிருந்து ஆட்கள் பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தார்கள். வேனுக்குப் பக்கத்தில் வரவில்லை. தெருவின் அந்தக் கோடியில், வெயிலில் நின்றார்கள்.

ரேடியோவில் ஒரு குரல், "அலை உடையுத ஆழிக்கு வெளிய பாத்துட்டேன் அமலோற்பவம், ஒண்ணும் காணலை," என்றதும் கூட்டத்தில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது அவர் குரல். அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

இன்னொரு குரல் கேட்டபோது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க வீட்டு அவிய," என்றாள். "போன வருசம் நெஞ்சு வலியில..." ரேடியோ இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அமலோற்பவம் வேன் கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்து, அடுத்த முறை அந்தக் குரல் வருவதற்காகக் காத்திருந்தாள்.

ஆவுடையின் செல்பேசியில் சுந்தரவதனம் பேசினார். "துறை காலின்னு கேமராவுல தெரியுது! சபாஷ்! படகெல்லாம் எந்த யார்டுக்குப் போச்சு?"

"வெளிய போயிருக்கு சார்."

"எங்கே வெளிய?"

"ஒரு ஆளைத் தேடி."

அவர் அடுத்த கேள்வி கேட்பதற்குள் ஆவுடை பணிவாக இணைப்பைத் துண்டித்தாள்.

மூன்றாம் நாள் மதியம் வானம் கறுத்தது. வெயில் இல்லையென்றால் சூரியத் தகடுகளுக்கு உயிர் இல்லை. ரேடியோவில் குரல்கள் மெலிந்தன.

"மதினி," என்றது பனிமயம். "கெழக்க நல்லதண்ணித் தீவு தாண்டி ஒரு எடம் பாக்கி. போனா, திரும்பி வாறதுக்குச் சக்தி இருக்காது. போகட்டா?"



ஆவுடை ரேடியோவை வாங்கினாள். "அண்ணாச்சி, நீங்க அதுல இருக்கீங்க! திருப்புங்க!"

"திருப்ப மாட்டேன் மேடம்." இப்போது பேசியது பெட்டி இல்லை. வயதான, கரகரத்த, அசல் தஸ்நேவிஸ். "ஒரு தடவை சொல்லாமத் திரும்புனேன். இந்தத் தடவை மதினி சொல்லட்டும். சொல்லலைன்னா போயிக்கிட்டே இருப்போம். நானும் இவனும்."

"நாங்களும்," என்றது வேறொரு படகு. "நாங்களும்," என்றது இன்னொன்று. வேனின் பின் இருக்கையில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்; இரண்டாவதாகச் சொன்னது அவள் வீட்டுக் குரல்.

ஆவுடை ரேடியோவை அமலோற்பவத்தின் மடியில் வைத்தாள். அந்த வார்த்தையைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை.

அமலோற்பவம் கடலைப் பார்த்தாள். மேகம் தண்ணீரைத் தொடும் இடத்தில் எதுவும் தெரியவில்லை. இரண்டு கையாலும் ரேடியோவின் பொத்தானை அழுத்தினாள்.

"பாத்துட்டியள்லா?" என்றாள். "எல்லா எடமும் பாத்துட்டியள்லா?"

"பாத்தாச்சு மதினி. ஒரு எடந்தான் பாக்கி."

"அது கெடக்கட்டும். அங்க அவிய இருந்தாவன்னா இருந்துக்கிடட்டும். கடல்ல ஒரு எடம் அவியளுக்கு வேணும்லா." பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டாள். "நீங்களும் போயித் தொலைஞ்சிராதிய. போதும்யா. போதும். ஏறுங்க."

தெருக்கோடியில் யாரோ வாய்விட்டு அழுதார்கள். அவள் அழவில்லை. இறங்கி, வேனில் இன்னும் ஒட்டியிருந்த காய்ந்த சோப்பை விரலால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

பொழுது சாய்கிற வேளையில் படகுகள் தெரிந்தன. தண்ணீரில் தாழ்ந்து, ஊர்ந்து வந்தன. ஆவுடை நீர்க்கதவுப் பக்கம் ஓடினாள், உள்ளே வழிகாட்ட. ஆனால் அவை துறை வாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி வடக்கே போயின.

"எங்க போகுதுங்க?" என்று ரேடியோவில் கத்தினாள்.

"வேற எங்க போவும் மேடம்?" என்றார் தஸ்நேவிஸ். "தேடப் போனவன் மொதல்ல தன் வீட்டுக்குப் போக மாட்டான். காணாமப் போனவன் வீட்டு முன்னால வந்து நிப்பான். அவங்க குடுக்குத தண்ணியக் குடிச்சிட்டுத்தான் அவனவன் வீட்டுக்குப் போவான். இதெல்லாம் நான் சொல்லிக் குடுக்கலை. துறையை மூடுததுக்கு முந்தி எங்கள நாலு வருசம் பாத்துக்கிட்டு இருந்திருக்கு."

அமலோற்பவத்தின் வீட்டுக்கு நேர் எதிரே, ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக, படகுகள் மூக்கை மணலில் ஏற்றி நின்றன. நாற்பதும். எதுவும் பேசவில்லை. பச்சை விளக்குகள் மட்டும் எரிந்தன.

தஸ்நேவிஸ் இறங்கி ஈரத்தோடு நின்றார். தெருக்கோடியில் மூன்று நாளாக நின்றவர்கள் மெல்ல நகர்ந்து வந்தார்கள். ஒவ்வொருவரும் அவரவர் படகின் பக்கத்தில் போய், விளிம்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண்ணும் தன் வீட்டுப் படகின் பக்கத்தில் போய் நின்றாள்.

அமலோற்பவம் வீட்டுக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது இடுப்பில் குடம் இருந்தது.

முதல் படகின் மூக்கில் ஒரு கை தண்ணீர் விட்டாள். பச்சை விளக்கு அணைந்தது. அதன் பக்கத்தில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் தயங்கித் தயங்கிக் கையைக் குவித்தார். அவருக்கும் ஊற்றினாள். அடுத்த படகு. அடுத்த ஆள். குடம் தீர்ந்தால் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். ஆவுடை உதவிக்குப் போனபோது தலையை மட்டும் அசைத்து வேண்டாம் என்றாள்.

கடைசியாகப் பனிமயம்.

"மதினி, கெடைக்கலை," என்றது அது. "மன்னிச்சுக்கிடுங்க."

"தேடுனியே ராசா," என்றாள் அமலோற்பவம். அதற்குக் கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் விட்டாள்.

தஸ்நேவிஸ் கை குவிக்கவில்லை. "எனக்கு எதுக்கு மதினி. நான் பஸ்ல..."

"கையை நீட்டும்."

நீட்டினார். ஊற்றினாள். அவர் குடித்து முடிக்கும்வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மீதி இருந்தது. படிக்கல்லில் உட்கார்ந்து, அதை அவளே குடித்தாள்.